பிப்ரவரி செவ்வாய்க்கிழமைக்கு யார் வருவார்கள்?

உள்ளே விட்டுவிட்டார்கள்! கழுத்தில் ஓர் அட்டை, கையில் தண்ணீர் பாட்டில், எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் மேசைகள். உலகத்து விமான நிலையங்களும் விமான நிறுவனங்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு அடுத்த விமானம் பறக்கும் என்று பேசுகிற இடம் இது. 'ரூட்ஸ்' என்று பெயர். 1995ல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் தொடங்கிய கூட்டம். இப்போது ஆண்டுதோறும் ஊர் மாற்றி ஊர் கூடுகிறது. நான் நுழைந்த அரங்குக்கு ஜன்னலே கிடையாது. வெளியே எந்த ஊர், பகலா இரவா என்பதெல்லாம் சற்று நேரத்தில் மறந்துபோய்விடும். வாருங்கள், என் கூடவே வாருங்கள். காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் மிதித்துவிடாதீர்கள்.

என்னை அழைத்துவந்தவர்கள், அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் ஒரு நடுத்தர ஊரின் விமான நிலையக்காரர்கள். ஊர்ப் பெயர் வெளியே வரக்கூடாது, எந்த நிறுவனத்தோடு பேசினோம் என்பது வரக்கூடாது, எங்கள் எண்கள் வரவே கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள். நியாயம்தான். அவர்களுக்கு வேண்டியது ஐரோப்பாவுக்கு ஒரு நேரடி விமானம். அதே விமானத்தைக் கேட்டு நிற்கும் இன்னும் பல ஊர்கள் இதே அரங்கில், நாலு மேசை தள்ளி, இதே போல முடியைச் சீவிக்கொண்டு காத்திருக்கின்றன.

அவர்களுடைய கடையின் முன்பக்கம் பார்க்க அம்சமாக இருந்தது. ஒளிரும் பெரிய படத்தில் ஆற்றுப் பாலம், அந்தி வானம், சிரிக்கும் குடும்பம். படத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால்தான் விருந்து! அலமாரி அளவே உள்ள ஓர் அறை. அதற்குள் ஆறு பெட்டிகள், மடக்காத குடை, பாதி கடித்த ரொட்டி, சிக்குப்பிடித்த சார்ஜர் கம்பிகள், இஸ்திரிப் பெட்டி, உள்ளூர்ப் பாகு மிட்டாய் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். குழுவின் தலைவியான அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். குதிகால் செருப்பைக் கழற்றி வீசிவிட்டுத் தொண்டைக்கு மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கட்டிவிட்டது. சுற்றுலாத் துறைக்காரர் சட்டைக் காலரில் சிந்திய காபியை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மூலையில் மடிக்கணினியோடு ஓர் இளைஞர். என் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து, "அக்கா, நீங்க தமிழுங்களா? நானு ஈரோடுங்க!" என்றார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. விமான நிலையத்துக்குக் கணக்குப் போட்டுத் தரும் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை. ஒரு பெட்டியின் மேல் எனக்கு இடம் ஒதுக்கித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இதப் பாருங்கக்கா. எங்க ஊர்க்காரங்க ஐரோப்பாவுக்குப் போறதே இல்லன்னு டிக்கெட் கணக்கு சொல்லுதுங்க. ஆனா போறாங்க. கார எடுத்துக்கிட்டு சிகாகோ போயி அங்கருந்து ஏறிக்கிறாங்க."

இந்தத் தொழிலில் அதை லீக்கேஜ் என்கிறார்கள். ஊருக்குச் சொந்தமான பயணி, பக்கத்துப் பெரிய நிலையத்துக்கு ஒழுகிப்போய்விடுகிறார். டிக்கெட்டில் சிகாகோ என்றுதான் பதிவாகும். வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பணம் கட்டிய அட்டையின் முகவரியும், பெயர் நீக்கி விற்கப்படும் கைபேசி இருப்பிடத் தகவலும்தான் காட்டிக்கொடுக்கும். நேரடி விமானம் கேட்கும் ஒவ்வொரு சின்ன ஊரும் முதலில் செய்யவேண்டியது, தன் சொந்த மக்களைத் தேடிக் கண்டுபிடிப்பது. எனக்கு மிகவும் பிடித்துப்போன வேலை இது.

திரையில் இன்னொரு பட்டியலை ஓட்டினார். ஐரோப்பாவில் இறங்கி, அங்கிருந்து மேலே எங்கே போகிறார்கள் என்ற கணக்கு. ஏதன்ஸ், ரோம், ஹைதராபாத்... திடீரென்று, சென்னை! நான் கத்தியே விட்டேன். லண்டனிலிருந்தும் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தும் சென்னைக்கு நேரடி விமானம் உண்டு அல்லவா? அமெரிக்க நடுநாட்டில் மென்பொருள் எழுதுகிறவர்களும், பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் மாம்பலத்துப் பாட்டிகளும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாக உட்கார்ந்திருந்தார்கள். "இவங்க இல்லாம இந்த விமானம் நிரம்பாதுங்க அக்கா," என்றார் தம்பி. சந்திப்பில் அந்த வரிக்கு மஞ்சள் வண்ணம் பூசிக் காட்டப்போகிறார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து ஒத்திகை. சுற்றுலாத் துறைக்காரர் விமான நிறுவன அதிகாரியாக நடிக்கவேண்டும். மனிதர் கொடூரமாக நடித்தார்! கையைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, தலைவி வாயைத் திறக்குமுன் "உங்களைப் போல பதினைந்து ஊர் என் பட்டியலில் இருக்கிறது, அதனால் என்ன?" என்றார். தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அதே கேள்வி. மூன்றாவது சுற்றில் பாலத்தைப் பற்றிய இரண்டு வரிகள் போயின. நான்காவதில் உணவுத் திருவிழா போயிற்று. ஊரைப் பற்றிப் பெருமை பேச வந்தவர்கள் தங்கள் பெருமையைத் தாங்களே வெட்டி எறிவதைப் பார்க்க மனசு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் பேச்சு கூர்மையாகிக்கொண்டே வந்தது.

நேரமாகிவிட்டது, கிளம்பலாம். ஒரு சந்திப்புக்கு 20 நிமிடம், அதற்கு மேல் கிடையாது. அரங்கில் நடப்பதே ஒரு திருவிழா. ஒரு ஊர் சீஸ் வெட்டித் தருகிறது, ஒரு தீவு பூமாலை போடுகிறது, ஒருவர் முழு மாட்டுக்காரர் வேடத்தில் வியர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார். சின்ன மேசைகளில் எல்லோரும் தலையைத் தலையோடு ஒட்டி மெல்லப் பேசுகிறார்கள். யாராவது அருகே வந்தால் காகிதத்தைக் கவிழ்த்துவிடுகிறார்கள். "அந்தியூர் மாட்டுச் சந்தைல துண்டுக்குள்ள கைய விட்டு வெல பேசுவாங்கல்லக்கா? அதேதானுங்க," என்று காதோடு சொன்னார் தம்பி. அத்தனை பேர் நடுவில், ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியாது. இந்த அரங்கை இதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் இளம்பெண். விமான நிறுவனத்தில் வழித்தடத் திட்டம் போடுகிறவர். கண்ணில் தூக்கமில்லை, முகத்தில் சிரிப்பு இருந்தது. தலைவி வரைபடத்தை விரித்தார். தொழிற்சாலைகள், பல்கலைக்கழகங்கள், மஞ்சள் பூசிய சென்னை எல்லாம் வந்துபோயின. ஜூலை மாத எண்களைச் சொன்னபோது அந்தப் பெண் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"ஜூலையை விட்டுவிடுங்கள். ஜூலையில் எந்த ஊரிலும் எனக்கு ஆட்கள் கிடைப்பார்கள். பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. முன்வரிசைப் படுக்கை இருக்கைகளில் யார் படுத்திருப்பார்கள்? பெயர் சொல்லுங்கள்."

என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. இத்தனை வரைபடம், இத்தனை கணக்கு, எல்லாம் வந்து முட்டி நிற்கிற இடம் இதுதான்! கோடையில் ஊர் சுற்றக் கிளம்புகிற கூட்டம் தானாக வரும். குளிர்காலத்தில், வாரத்தின் நடுவில், கம்பெனிச் செலவில் விலை உயர்ந்த இருக்கையில் போகிற மனிதர்கள் இருக்கிறார்களா? இருந்தால் அந்த ஊருக்கு விமானம் வரும். இல்லையென்றால் பாலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வராது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய கதைகள் எல்லாம் வேறு மாதிரி தெரிகின்றன. செயின்ட் லூயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். டிடபிள்யூஏ விமான நிறுவனத்தின் கோட்டையாக இருந்த ஊர். 2001ல் அந்த நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபின் ஊர் மெல்ல மெல்ல இளைத்தது. ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2018ல் வந்து ஓராண்டுகூட நிற்கவில்லை. பிறகு 2022 ஜூனில் லுஃப்தான்சா வந்தது, ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வாரம் மூன்று முறை. ஏன் அந்த ஊர்? விதை வியாபாரத்தில் பேர்போன மான்சான்டோவின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. 2018ல் அதை ஜெர்மனியின் பேயர் வாங்கியது. அன்றிலிருந்து ஜெர்மானிய அதிகாரிகள் அங்கேயும், அமெரிக்க அதிகாரிகள் ஜெர்மனிக்கும் போய்வந்துகொண்டே இருக்கவேண்டும். பிப்ரவரியிலும்தான்!

ராலே-டர்ஹம் கதை இன்னும் பழையது. வட கரோலினாவின் அந்த நடுத்தர நிலையத்திலிருந்து 1994ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் லண்டனுக்குப் பறக்க ஆரம்பித்தது. பிரிட்டிஷ் மருந்து நிறுவனமான கிளாக்ஸோ தன் அமெரிக்கத் தலைமையகத்தை அங்கேதான் வைத்திருந்தது. பெரிய பெரிய ஊர்களிலிருந்தெல்லாம் வழித்தடங்கள் வந்து மறைந்த காலத்திலும் இந்த விமானம் ஆண்டுக்கணக்காகத் தாக்குப்பிடித்தது. சின்சினாட்டியிலிருந்து பாரிஸ் போகும் டெல்டா விமானமும் இதே குடும்பம்தான். ஜெனரல் எலெக்ட்ரிக் அங்கே விமான இஞ்சின் செய்கிறது. அதன் பங்காளியான சாஃப்ரான் இருப்பது பிரான்ஸில். இரண்டும் சேர்ந்து 1974லிருந்து சிஎஃப்எம் என்ற பெயரில் இஞ்சின் தயாரிக்கின்றன. டெல்டா தன் பெரிய முகாமை அந்த ஊரிலிருந்து கலைத்துக்கொண்டு போன பிறகும் பாரிஸ் விமானம் தங்கிவிட்டது. விமான இஞ்சின் செய்கிறவர்களே ஒரு விமானத்தைப் பறக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! சின்சினாட்டியின் விமான நிலையம் ஒஹையோவில்கூட இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில் இருக்கிறது என்பது எனக்குக் கிடைத்த உபரி மகிழ்ச்சி.

இடைவேளையில் அந்தத் திட்டக்காரப் பெண்ணைக் காபி வரிசையில் பிடித்தேன். தன் நிறுவனப் பெயர் எழுதாவிட்டால் பேசுகிறேன் என்றார். நின்றபடியே ஒரு காகிதக் கைத்துண்டில் கட்டம் போட்டுக் காட்டினார். "மதியம் ஐரோப்பாவில் கிளம்பும். அமெரிக்காவில் பிற்பகல் இறங்கும். மாலையே திரும்பக் கிளம்பி, மறுநாள் காலை எங்கள் ஊருக்கு வந்துவிடும். ஆக, ஒரு விமானத்துக்கு ஒரு நாள் ஆயிற்றா? ஒரு ஊருக்கு வாரம் மூன்று நாள் கொடுத்தால் மீதி நாலு நாள் இன்னொரு ஊருக்கு." அப்படியானால் எங்கோ இரண்டு ஊர்கள் ஒன்றையொன்று பார்க்காமலேயே ஒரே விமானத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். எவ்வளவு அழகான விஷயம்!

காலையில் இறங்குவதும் தற்செயல் இல்லையாம். அப்போதுதான் சென்னைக்கும் ஏதன்ஸுக்கும் கிளம்பும் விமானங்களைப் பிடிக்க முடியும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை விமானங்களுக்கு அட்டவணை போட முடியாது. லண்டன் ஹீத்ரோவில் இறங்குவதற்கு நேரம் கிடைப்பதே அரிது. புதிய ஊர் ஒன்றுக்குப் போகவேண்டுமென்றால், பறந்துகொண்டிருக்கும் வேறு ஏதோ ஓர் ஊரின் நேரத்தை எடுத்துத்தான் தரவேண்டியிருக்கும். "நான் ஒரு ஊருக்கு 'சரி' சொல்லும்போதெல்லாம் இன்னொரு ஊருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டியிருக்கிறது," என்றார். அந்தக் கடிதங்களை எழுதுவதுதான் இந்த வேலையில் தனக்குப் பிடிக்காத பகுதி என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் கைத்துண்டைக் கிழித்துக் குப்பையில் போட்டார். ரகசியம் ரகசியம்தானே!

சின்ன ஊர்களுக்கு நம்பிக்கை வந்ததே புதுவகை விமானங்களால்தான். போயிங் 787 பயணிகளோடு பறக்க ஆரம்பித்தது 2011 அக்டோபரில். ஜம்போ விமானத்தின் அளவு இல்லை, ஆனால் அதே தூரம் போகும், எரிபொருளும் குறைவு. நிரப்பவேண்டிய இருக்கை குறைந்ததும், அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத ஊர்கள் பட்டியலில் ஏறின. பிரிட்டிஷ் ஏர்வேஸ் இப்படித்தான் 2014ல் ஆஸ்டினுக்கு 787ஐக் கொண்டுவந்தது. கூட்டம் பிடித்துக்கொண்டதும் பெரிய விமானமாகவே மாற்றிவிட்டது. அடுத்து நியூ ஆர்லியன்ஸ் 2017, நாஷ்வில் 2018, பிட்ஸ்பர்க் 2019, சின்சினாட்டி 2023. ஆஸ்டின் பெயரை எடுத்தால் இந்த அரங்கில் நடுத்தர ஊர்க்காரர்களின் கண்ணில் ஒரு வெளிச்சம் வருகிறது. எத்தனை பேரிடம் பார்த்தேன்!

பணப் பேச்சு எப்போது வரும் என்று காத்திருந்தேன். கடைசி இரண்டு நிமிடத்தில், எழுந்திருக்கும்போதுதான் வருகிறது. புதிய வழித்தடம் முதல் ஓரிரு ஆண்டுகள் நஷ்டத்தில் ஓடலாம். அதில் ஊர் எவ்வளவு தோள் கொடுக்கும் என்பதுதான் கேள்வி. இறங்கு கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம், விளம்பரச் செலவை ஏற்கலாம், உள்ளூர்த் தொழிலதிபர்கள் சேர்ந்து உத்தரவாதம் தரலாம். செயின்ட் லூயிஸில் தொழில் அமைப்புகளும் உள்ளூர் நிர்வாகமும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு 50 லட்சம் டாலர் திரட்டின.

பிட்ஸ்பர்க் இந்தப் பாடத்தைப் பல தடவை படித்த ஊர். யுஎஸ் ஏர்வேஸுக்காக 1992ல் பிரம்மாண்டமான முனையம் கட்டியது. 2004ல் அந்த நிறுவனம் அங்கிருந்து தன் முகாமைக் கலைத்தது. 2009ல் டெல்டா பாரிஸுக்குப் பறக்க முன்வந்தபோது, நஷ்டம் வந்தால் ஈடுகட்ட 90 லட்சம் டாலர் வரை உத்தரவாதம் தரவேண்டியிருந்தது. 1999ல் விட்டுப்போயிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் வாரம் நாலு முறை என்று திரும்பி வந்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு 30 லட்சம் டாலர் உதவி. இப்படிக் காசு கொடுத்து விமானத்தை வரவழைப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்தைக் கேட்டால், ஓரிரு ஆண்டுகளுக்குக் கைபிடித்து நடத்துவதில் தப்பே இல்லை. அதன் பிறகும் பிப்ரவரியில் முன்வரிசை காலியாகவே இருந்தால் எந்தத் தொகையும் அந்த விமானத்தைத் தக்கவைக்காது. காசு அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

மறந்தே போனேன், நிலையத்தின் இயக்க மேலாளரைச் சொல்லவேண்டும்! பேசாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். அவர் சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு காகிதம். பெரிய விமானம் வந்தால் கூடுதல் தீயணைப்பு வண்டி வேண்டும். குடியேற்ற அதிகாரிகள் அந்த நேரத்தில் பணியில் இருக்கவேண்டும். இருநூறு பேருக்குச் சூடான சாப்பாடு சமைக்க ஒரு சமையல்கூடம், விமானிகள் பகலில் திரை போட்டுத் தூங்க அமைதியான ஓட்டல் அறை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் ஒரு டிக் குறி. சமையல்கூடத்துக்கு மட்டும் கேள்விக்குறி. "எங்கள் ஊர்க் கல்யாண சமையல்காரர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன்," என்றார், முகம் மலர.

கடைசியில் அந்தப் பெண்ணின் கேள்விக்கு என்ன பதில் சொன்னார்கள்? தலைவி அரைக் கணம் தயங்கினார். பிறகு ஊரின் மூன்று பெரிய நிறுவனங்களின் பெயரைச் சொன்னார். நான் இங்கே எழுதமாட்டேன். "எத்தனை பேர்?" என்றார் அந்தப் பெண். "கடிதமாக வாங்கித் தருகிறேன்," என்றார் தலைவி. "வாங்குங்கள். நான் படிப்பேன்," என்று பெண் எழுந்துகொண்டார். இந்த அரங்கில் 'நான் படிப்பேன்' என்பது பெரிய வார்த்தையாம். கடைக்குத் திரும்பிச் சின்னக் கதவை மூடியதும் சுற்றுலாத் துறைக்காரர் தலைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், காபிக் கறையோடு.

கொண்டாட நேரமில்லை. வேறொரு நிறுவனத்தோடு அடுத்த சந்திப்பு ஒன்பது நிமிடத்தில். தலைவி நடைபாதையில் நின்று ஊருக்குப் போன் போட்டார். அங்கே பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. மறுமுனையில் அரைத்தூக்கத்தில் எடுத்த தொழிலதிபரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, போன பிப்ரவரியில் உங்கள் ஆட்கள் எத்தனை பேர் கடல் தாண்டினார்கள் என்று விசாரித்தார். ஈரோட்டுத் தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜூலைப் படத்தைத் தூக்கிவிட்டுப் பிப்ரவரிக் கணக்கை முதல் பக்கத்துக்கு ஏற்றினார். அச்சடிக்கப் போனால் காகிதம் தீர்ந்துவிட்டது! சுற்றுலாத் துறைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓடினார். அவர்களும் இதே விமானத்துக்குக் காத்திருக்கும் இன்னொரு நடுத்தர ஊர்க்காரர்கள்தான். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கட்டுக் காகிதத்தைப் பிரிக்காமலேயே எடுத்துக் கொடுத்தார்கள். பதிலுக்கு இவர்கள் இரண்டு பெட்டி பாகு மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தார்கள்.